விண்டோஸ் 10 முடிந்த பிறகு: ஒரு தமிழ் வகுப்பின் பதினான்கு கணினிகள்

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், கோயில் மண்டபத்தை ஒட்டிய நீண்ட அறை ஒன்றில், சனிக்கிழமைதோறும் எங்கள் சங்கத்தின் தமிழ் வகுப்பு நடக்கிறது. அந்த அறையின் சுவரோரம் பதினான்கு கணினிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை அலுவலகங்கள் கழித்துவிட்டபோது நன்கொடையாக வந்தவை. பதினான்கிலும் விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்தது. 2015 ஜூலையில் வெளிவந்த அந்த இயங்குதளத்துக்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. அடுத்து என்ன செய்வது என்று சங்கத்தின் நிர்வாகக் குழு முடிவெடுக்க வேண்டும். அந்த அறையின் இயந்திரங்களைக் கவனித்துக்கொள்பவன் என்ற முறையில், எங்கள் முன் இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து இதை எழுதுகிறேன். பீனிக்ஸ், டொங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் போன்ற இடங்களில் இதே நிலையில் இருக்கும் சங்கங்களுக்கும் இது பயன்படக்கூடும்.

புதுப்பிப்பு நின்றால் கணினி நின்றுவிடாது. அக்டோபர் 15ஆம் தேதி காலையிலும் எங்கள் கணினிகள் முந்தைய நாளைப் போலவே திறந்தன. அதனாலேயே குழுவில் சிலர் "ஓடும்வரை ஓடட்டும்" என்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. 2017 மே மாதத்தில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அந்த மருந்து போய்ச் சேராத இயந்திரங்களே விழுந்தன. இனி விண்டோஸ் 10இல் கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு ஓட்டைக்கும் எங்கள் பதினான்கு கணினிகளும் மருந்து போய்ச் சேராத இயந்திரங்களாகவே இருக்கும்.

இது எங்கோ பெரிய இடத்து விவகாரம் என்று தென்னாப்பிரிக்காவில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. 2019 ஜூலையில் ஜோகன்னஸ்பர்க்கின் சிட்டி பவர் நிறுவனம் இப்படிப்பட்ட ஒரு தாக்குதலுக்கு உள்ளானபோது மக்கள் முன்பணம் கட்டி மின்சாரம் வாங்க முடியாமல் தவித்தார்கள். 2021 ஜூலையில், துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட் தாக்கப்பட்டபோது நம் டர்பன் துறைமுகத்தின் சரக்குப் பெட்டக வேலையே முடங்கியது. அவற்றுக்குக் காரணம் பழைய விண்டோஸ் என்று நான் சொல்லவில்லை. பூட்டிய கணினியின் விலை என்ன என்பதை நம் ஊர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். எங்கள் அலுவலகக் கணினியில் உறுப்பினர்களின் முகவரிகளும், பிள்ளைகளின் பெயர்களும் பிறந்த தேதிகளும், பெற்றோரின் தொலைபேசி எண்களும் இருக்கின்றன. 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, இத்தகைய விவரங்களை வைத்திருப்பவர் அவற்றைக் காக்கத் தகுந்த ஏற்பாடுகளைச் செய்தாக வேண்டும். சிறிய சங்கம் என்பதற்காக அந்தக் கடமை நம்மை விட்டு விலகாது. ஆகவே, சும்மா இருப்பதை ஒரு வழியாக நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

எதை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன், கையில் இருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும், 4 ஜிபி நினைவகமும், 64 ஜிபி சேமிப்பிடமும் வேண்டும். மைக்ரோசாஃப்டின் சோதனைச் செயலியை ஓட்டியபோது பதினான்கு கணினிகளும் தகுதியற்றவை என்றே வந்தது. ஆனால் பட்டியலை நிதானமாகப் பார்த்தபோது, மூன்று கணினிகளில் எட்டாம் தலைமுறைச் செயலி இருந்தது தெரிந்தது. அவற்றில் டிபிஎம் வசதி, பயாஸ் என்னும் கணினியின் அடிப்படை அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். கணினியைத் திறந்தவுடன் பயாஸுக்குள் போய், இன்டெல் பிடிடி என்று குறிக்கும் அந்த வசதியை இயக்கிவிட்டு மீண்டும் சோதித்தேன், மூன்றும் தேறின. ஒரு ராண்ட் செலவில்லாமல் அவை விண்டோஸ் 11க்கு மாறிவிட்டன. புதுக் கணினி வாங்கத் தீர்மானம் போடும் எந்தச் சங்கமும் முதலில் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்; தகுதி இல்லை என்ற அறிவிப்பைப் பார்த்ததும் கைவிட்டுவிடுபவர்கள் பலர் இருக்கிறார்கள்.

மிஞ்சியவற்றில் இரண்டு, மின்கலம் செத்துப்போன மிகப் பழைய மடிக்கணினிகள். அவற்றைக் கழித்துவிடலாம். ஆனால் குப்பையில் போடக் கூடாது. 2021 ஆகஸ்ட் முதல் மின்னணுக் கழிவை நிலத்தில் கொட்டுவது இந்த நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆக, உண்மையான கேள்வி மீதமுள்ள ஒன்பது மேசைக் கணினிகளைப் பற்றியது. எல்லாம் ஆறாம் தலைமுறைச் செயலி, 4 ஜிபி நினைவகம், சுழலும் பழைய வன்தட்டு. உடல்நலத்தில் குறை ஒன்றும் இல்லை. தயாரிப்பாளர் வரைந்த தகுதிக் கோட்டுக்கு ஒன்றிரண்டு ஆண்டுகள் முன்னால் பிறந்துவிட்டன, அவ்வளவே.

ஒன்பதையும் மாற்றிப் புதிதாக வாங்குவது முதல் வழி. கவலை குறைவு, உத்தரவாதம் உண்டு, பிள்ளைகள் பள்ளியில் பார்ப்பதையே இங்கும் பார்ப்பார்கள். பொருளாளருக்குப் பிடித்த வழியும் இதுதான். பணத்தை எடுத்துக் கொடுப்பவர் அவர் என்பதால் அந்தப் பரிந்துரைக்கு மதிப்பும் உண்டு. ஆனால் காலம் சரியில்லை. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் உலகின் நினைவகச் சில்லுகளை மொத்தமாக வாங்கிக்கொண்டிருப்பதால் சாதாரண மக்கள் வாங்கும் நினைவகத்தின் விலை 2025இன் கடைசி மாதங்களில் கடுமையாக ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், குருஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த வணிகத்தையே விட்டுவிடுவதாக அறிவித்தது. யாரோ எங்கோ கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும் இயந்திரத்துக்காக, சாட்ஸ்வொர்த்தில் ஒரு பிள்ளை 'அகரம்' தட்டச்சு செய்யும் இயந்திரத்தின் விலை ஏறுகிறது என்பது எனக்கு மனவருத்தம் தரும் செய்தி. அதன் மேல் 15 விழுக்காடு வாட் வரியும் சேரும். ஒன்பது கணினிகளை ஒரே மூச்சில் வாங்கினால், ஆசிரியர்களுக்குத் தரும் சிறிய போக்குவரத்துப் படியிலும் பாடநூல் செலவிலும் கை வைக்க வேண்டிவரும். அது அகலக்கால் வைப்பதாகும்.

பணம் கட்டிப் பாதுகாப்புப் புதுப்பிப்பை நீட்டித்துக்கொள்வது இரண்டாம் வழி. இதில்தான் குழுவில் அதிகக் குழப்பம் இருந்தது, காரணம் ஒரே சேவைக்கு மூன்று விலைகள் இருக்கின்றன. வீட்டுப் பயனருக்கு 30 டாலர். அதைக் கொண்டு ஒரே கணக்கில் பத்துக் கணினிகள் வரை சேர்க்கலாம், 2026 அக்டோபர் 13 வரை செல்லும். கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்டின் மேகத்தில், அதாவது அதன் இணையச் சேமிப்பகத்தில், சேமிக்கச் சம்மதித்தால் அந்தப் பணமும் இல்லை. நிறுவனங்களுக்குக் கணினி ஒன்றுக்கு முதல் ஆண்டு 61 டாலர். அடுத்த ஆண்டு அது இரட்டிப்பாகி 122, மூன்றாம் ஆண்டு 244. கல்வி நிறுவனங்களுக்கோ முதல் ஆண்டு 1 டாலர், பிறகு 2, பிறகு 4.

வீட்டுத் திட்டம் மலிவாக இருக்கிறதே, ஒருவர் பெயரில் போட்டுவிடலாம் என்று ஓர் இளைஞர் சொன்னார். அது தனிப்பட்ட பயன்பாட்டுக்கு வகுக்கப்பட்ட திட்டம். சங்கத்தின் பொது இயந்திரங்களை யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கில் கட்டிவைப்பது முறையும் இல்லை, நாளை அவர் ஊர் மாறினால் நமக்கே தலைவலி. நிறுவன விலையில் கணக்குப் போட்டால் ஒன்பது கணினிகளுக்கு முதல் ஆண்டு 549 டாலர். மூன்று ஆண்டுகளுக்கு 3,843 டாலர். டாலருக்கு 17 ராண்ட் என்று வைத்துக்கொண்டாலும் அறுபத்தைந்தாயிரம் ராண்டைத் தாண்டுகிறது. மூன்றாம் ஆண்டு முடிவில் நம் கையில் மிஞ்சுவதோ மேலும் மூன்று வயது கூடிய அதே ஒன்பது கணினிகள். இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் முதல் ஆண்டுக்கும் சேர்த்தே கட்ட வேண்டும் என்பதால், தள்ளிப்போட்டு மிச்சம் பிடிக்கவும் முடியாது. கல்வி விலை கிடைத்தால் கணக்கு தலைகீழாக மாறும்: மூன்று ஆண்டுக்கும் கணினிக்கு 7 டாலர்தான். ஆனால் அதற்கு அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிறுவனம் என்ற தகுதி வேண்டும். வார இறுதியில் தாய்மொழி கற்றுத்தரும் சங்கத்திடம் அந்தச் சான்று இருப்பதில்லை. பதிவுபெற்ற பள்ளிக்குள் வகுப்பு நடத்தும் சங்கங்கள் அந்தப் பள்ளி வழியாகக் கேட்டுப் பார்க்கலாம்.

இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் அழுத்தம் கொடுத்த பிறகு, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் உள்ள வீட்டுப் பயனர்களுக்கு மட்டும், மேகத்தில் சேமிக்கும் நிபந்தனைகூட இல்லாமல், முதலாண்டு நீட்டிப்பு இலவசமாக்கப்பட்டது. பழைய கணினியைத் தூக்கியெறிய வசதி குறைந்தவர்கள் அதிகம் வாழும் நம் கண்டத்துக்கு அந்தச் சலுகை வரவில்லை. கேட்பதற்கு அமைப்பாகத் திரண்டவர்களுக்குக் கிடைத்தது, திரளாதவர்களுக்குக் கிடைக்கவில்லை. இந்தத் துறையின் செய்திகளைப் பல ஆண்டுகளாகப் படித்துவரும் எனக்கு, விண்டோஸ் 10 விவகாரத்தில் மிகவும் உறுத்திய செய்தி இதுதான்.

தகுதிச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11ஐ வலிந்து ஏற்றும் உத்தி இணையமெங்கும் கிடைக்கிறது. அப்படி ஏற்றிய கணினிகளுக்குப் புதுப்பிப்பு பெறும் உரிமை இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. பொது இடத்துக்கு அது ஆகாது; அதைப் பற்றி மேலும் எழுத வேண்டியதில்லை.

கூகுளின் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றுவது மூன்றாம் வழி. 2022இல் பொதுவெளிக்கு வந்த இது பழைய கணினிகளுக்கென்றே ஆனது, இலவசம், 4 ஜிபி நினைவகம் போதும், பராமரிப்பும் மிகக் குறைவு. இணையம் நன்றாக இருக்கும் அலுவலகத்துக்கு இதையே முதலில் சொல்வேன். எங்கள் அறைக்கு இரண்டு தடைகள். பிள்ளைகளில் பலர் பத்து வயதுக்குட்பட்டவர்கள். ஒவ்வொருவருக்கும் கூகுள் கணக்கு திறப்பதும், அதற்குப் பெற்றோரின் சம்மதம் வாங்குவதும் தனி வேலை. இரண்டாவது, இணைப்பு. 2023இல் ஆண்டின் பெரும்பாலான நாட்களும் மின்வெட்டோடு கழிந்ததை நாம் மறக்கவில்லை. 2024 மார்ச் இறுதியிலிருந்து நிலைமை பெரிதும் சீரடைந்திருந்தாலும், கம்பித் திருட்டாலோ மழையாலோ இணைப்பு போகும் சனிக்கிழமைகள் இன்னும் உண்டு. மண்டபத்தில் மின்கலத் தாங்கி இருப்பதால் கணினி ஓடும்; இணையம் வராது. இணையம் இல்லாத ஃபிளெக்ஸில் பிள்ளைகளால் செய்ய முடிவது மிகச் சொற்பம்.

நான்காம் வழி லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் குழுவில் இதற்கு எதிரான அச்சமும் அதிகம், எனக்கு இதன் மேல் நம்பிக்கையும் அதிகம்.

லினக்ஸ் இந்த நாட்டுக்கு அந்நியமானதன்று. வெல்கமில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த், தாம் தொடங்கிய தாவ்டே நிறுவனத்தை 1999இல் விற்று, 2002இல் விண்வெளிக்குப் போய்வந்து, 2004 அக்டோபரில் வெளியிட்டதுதான் உபுண்டு. அந்தப் பெயர் ஜூலு, கோசா மொழிகளில் மனிதநேயத்தைக் குறிக்கும் சொல்; டர்பனில் வளரும் எந்தப் பிள்ளையும் அதைக் கேட்டிருக்கும். இணையம் விலையுயர்ந்து கிடந்த அந்த நாட்களில், கேட்டவர்களுக்கெல்லாம் உபுண்டு குறுவட்டை இலவசமாக அஞ்சலில் அனுப்பினார்கள். எனக்கும் ஒன்று வந்தது. அதை வைத்துத்தான் நான் முதன்முதலில் ஒரு கணினியின் உள்ளே என்ன நடக்கிறது என்று கற்றேன். இப்போது எங்கள் ஒன்பது கணினிகளுக்கு நான் எண்ணுவது, உபுண்டுவின் மேல் கட்டப்பட்ட லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. 22ஆம் வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்புகள் உண்டு.

சோதனைக்காக ஒரு கணினியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியபோது விசிறியின் மேல் சாம்பிராணிப் புகையும் தூசியும் சேர்ந்து கம்பளிபோல் படிந்திருந்தது. கோயிலை ஒட்டிய அறையில் பல ஆண்டுகள் இருந்தால் அப்படித்தான். அதைத் துடைத்து, சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி என்ற சிறிய சேமிப்பகத்தைப் பொருத்தி, யுஎஸ்பி குச்சியிலிருந்து மின்டை ஏற்றினேன். எல்லாம் சேர்ந்து ஒரு மாலைப் பொழுது. முன்பு பொத்தானை அழுத்தியதிலிருந்து வேலை தொடங்க நான்கு நிமிடம் எடுத்த கணினி, இப்போது அரை நிமிடத்தில் தயாரானது. அந்த வேகத்தில் பெரும்பங்கு எஸ்எஸ்டியால் வந்தது என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸாக இருந்தாலும் எஸ்எஸ்டி போட்டிருந்தால் விரைந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை அதை வகுப்பில் வைத்து, தமிழ்99 விசைப்பலகையை அமைத்து, ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியை உட்காரவைத்தேன். இடக்கைப் பக்கம் உயிரெழுத்துகள், வலக்கைப் பக்கம் பெரும்பாலும் மெய்கள் என்று மட்டும் சொன்னேன். அவள் அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளை அழுத்தினாள். இரண்டாவது 'ம' விழுந்ததும் முதல் 'ம'வின் மேல் புள்ளி தானாக வந்து நின்றது. 'ஆ' அழுத்தியதும் கால் ஒட்டிக்கொண்டது. "நான் புள்ளி வைக்கவே இல்லையே, அங்கிள்!" என்றாள். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முன்னதற்குப் புள்ளி உண்டு என்பதை இலக்கணப் பாடத்தில் நாங்கள் வாரக்கணக்கில் சொல்லியிருக்கிறோம். அன்று அந்தப் பிள்ளை அதைத் தன் விரலால் கண்டுகொண்டாள். இந்த வசதி விண்டோஸுக்கும் உண்டு, ஆகவே இதை லினக்ஸின் வெற்றியாகச் சொல்லவில்லை. எங்கள் வகுப்புக்கு இன்றியமையாத ஒரே வேலை அந்தப் பழைய கணினியில் குறையில்லாமல் நடந்தது என்பதே நான் சொல்ல வருவது.

குறைகளும் உண்டு. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பாடத்தாள்கள் முதலில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறந்தன. எழுத்துருக் கோப்பை நகலெடுத்து வைத்த பிறகுதான் தமிழாகத் தெரிந்தன. லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளில் காவடி ரசீதின் அட்டவணைக் கோடுகள் சற்று இடம் மாறின. இரண்டு அச்சுப்பொறிகளில் ஒன்று உடனே வேலை செய்தது, மற்றொன்று இன்னும் ஒத்துவரவில்லை. பொருளாளரின் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும். வரிக் கணக்கைப் பொறுத்தவரை இப்போது கவலை இல்லை. 2020 முடிவில் நிற்கப்போகிறது என்று 2017இலேயே அறிவிக்கப்பட்ட அடோபி ஃபிளாஷ் நின்றபோது, நாட்டின் வரித்துறையான சார்ஸ் தன் படிவங்களுக்காக 2021 ஜனவரியில் விண்டோஸுக்கு மட்டுமான தனி உலாவியையே வெளியிட வேண்டியிருந்தது. அந்தப் படிவங்கள் பிறகு மாற்றப்பட்டு, இன்று எந்த நல்ல உலாவியிலும் திறக்கின்றன.

இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை வேறு. லினக்ஸ் பழுதானால் யாரிடம் கொண்டுபோவது? அக்கம்பக்கத்துப் பழுதுக்கடைகளுக்கு விண்டோஸ் மட்டுமே பழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் கொடுத்த எங்கள் கணினியை, எங்களைக் கேட்காமலேயே வன்தட்டை அழித்துப் புதிதாக விண்டோஸ் ஏற்றித் திருப்பித் தந்தார்கள். இரண்டு ஆண்டுக் காவடிப் பட்டியல் அதோடு போயிற்று. இன்று லினக்ஸ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் இல்லாத சனிக்கிழமை ஒரு திரை கறுத்துப்போனால் ஆசிரியர் என்ன செய்வார் என்று குழுத் தலைவர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் இந்த வழியைப் பரிந்துரைப்பது தவறு. என்னைப் பொறுத்தவரை, நான்கு வழிகளையும் எடைபோட இதுவே சரியான தராசு: சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கெட்டுப்போனால், அந்த அறையில் இருப்பவர்களே சரிசெய்ய முடியுமா? புதுக் கணினிக்கு உத்தரவாதம் இருந்தாலும் அது வாரக்கணக்கில் கடைக்குப் போய்விடும். பணம் கட்டிய நீட்டிப்பு, சுழலும் பழைய வன்தட்டைச் சாகாமல் காக்காது. லினக்ஸில் மட்டும், ஒரு யுஎஸ்பி குச்சியும் கற்றுக்கொண்ட ஒரு பிள்ளையும் இருந்தால் ஒரு மணி நேரத்தில் கணினி மீண்டும் எழுந்துவிடும். உரிமம், கணக்கு, கட்டணம் எதையும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

ஆகவே குழுவிடம் நான் வைக்கும் பரிந்துரை கலவையானது. விண்டோஸ் 11க்கு மாறிய மூன்றில் ஒன்றை அலுவலகத்துக்கு ஒதுக்கி, உறுப்பினர் விவரங்களையும் கணக்கு மென்பொருளையும் அதில் மட்டுமே வைத்து, வாரம் ஒருமுறை தனி வட்டில் நகல் எடுக்க வேண்டும். மற்ற இரண்டு, பள்ளிப் பாடத்துக்காக விண்டோஸ் பழக வேண்டிய பெரிய பிள்ளைகளுக்கு. ஒன்பதுக்கும் எஸ்எஸ்டி வாங்கி மின்ட் ஏற்ற வேண்டும். நினைவகத்தைப் போலவே எஸ்எஸ்டியின் விலையும் ஏறுமுகமாக இருப்பதால் அந்தச் செலவை மட்டும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளக் கூடாது. புதுக் கணினி இந்த ஆண்டு வேண்டாம். நீட்டிப்புக்குப் பணமும் கட்ட வேண்டாம்.

இதற்கு ஒரு நிபந்தனையையும் நானே சேர்த்திருக்கிறேன். ஒன்பதில் ஒரு கணினிக்கு மேல் நான் கை வைக்கப்போவதில்லை. வீட்டில் நான் தயார் செய்தது அந்த ஒன்று. மிச்சம் எட்டையும் எங்கள் மூத்த வகுப்பிலிருந்து முன்வந்திருக்கும் ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஏற்ற வேண்டும். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். போன வாரம் இருவரும் இரண்டாவது கணினியைத் திறந்தார்கள். வன்தட்டின் திருகு ஒன்று உள்ளே விழுந்துவிட, அதைக் காந்தத்தால் எடுக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. மதியச் சாப்பாட்டுக்கு முன் மின்டின் பச்சைச் சின்னம் திரையில் வந்தது. செய்தவற்றையெல்லாம் அந்தப் பெண் ஒரு குறிப்பேட்டில் வரிசையாகத் தமிழில் எழுதி, விழுந்த திருகையும் மூன்றாம் படியில் சேர்த்து, கணினிகளுக்கு மேலே உள்ள அலமாரியில் வைத்திருக்கிறாள்.